பிடியரிசி

ஆலயத்தில் அறிக்கையிடும் விசுவாசத்தை இல்லத்தில் வாழ்ந்து காட்டவேண்டும் என்று நம் குருமார் பிரசங்கத்தில் பலகாலும் கூறக் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு அது இனிதாகவே இருக்கின்றது. ஆயின், அடுப்பங்கரைக்கும் ஆராதனைக்கும் இடையே அங்ஙனம் ஒரு வழி எவ்வாறு அமையும் என்பதை விரித்துரைப்பார் மிகச் சிலர். அவ்வழிகளுள் ஒன்று நம் தாய்மாரும் பாட்டிமாரும் தம் கையாலேயே இட்டது. சிறிதாயிருத்தலின் அதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாக நம் மாணாக்கர் எண்ணுவதில்லை. பிடியரிசி என்னும் அவ்வழக்கத்தைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். பிடி என்பது பிடித்தல் என்னும் தொழிலின் முதனிலை, அத்தொழிலால் அகப்படும் அளவுக்கும் பெயராயிற்று. பிடியாகிய அரிசி என்று விரித்தால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. பிடியால் அளந்த அரிசி என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. எம் வகுப்பில் இதுபற்றி ஒருநாள் நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. பிடி பெண்யானையையும் குறிக்குமென்று ஒரு நண்பர் நினைவூட்ட, வகுப்பு அத்துடன் கலைந்தது. யாம் இரண்டாவது விரியையே கொள்வோம். நாழியும் உழக்கும் கடைக்காரன் அளவைகள்; இவ்வரிசிக்கு அளவை இடுகின்றவளின் கையே.

வழக்கம் இது. சமைப்பதற்காக அரிசியை அளந்து எடுத்தவுடன், அதனைக் களைவதற்கு முன்னர், இல்லத்தரசி அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்பருகே வைத்திருக்கும் ஒரு கலயத்திலோ, பனையோலைக் கொட்டானிலோ இடுவாள். சிலர் இடும்போது ஒரு சிறு ஜெபம் சொல்வர். சிலர் வாய் திறவாமலே இடுவர். ஓய்வுநாள் வந்ததும் கலயத்திலுள்ளது ஆலயத்திற்குச் செல்லும். சில ஊர்களில் மாதர் சங்கத்தார் வீடுவீடாய்ச் சென்று திரட்டுவர். சில ஊர்களில் காணிக்கை நேரத்தில் பிள்ளைகள் சிறு பைகளில் கொணர்ந்து பீடத்தருகே வைத்த பெட்டியில் கொட்டுவர். திரண்ட அரிசி ஏலத்தில் விலையாகும், அல்லது ஊரிலுள்ள விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் அளந்து கொடுக்கப்படும். பணமாக வந்தது உபதேசியாரின் சம்பளத்திற்கோ, ஆலயத் திருப்பணிக்கோ, தூரதேசத்து ஊழியத்திற்கோ போகும்.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பிடி எடுக்கப்படுவது சமைத்தபின் மிஞ்சியதிலிருந்து அன்று, சமைப்பதற்கு முன் அளந்த அளவிலிருந்து. ஆகவே அந்த ஒரு பிடி அன்று அவ்வீட்டார் உண்ணும் சோற்றில் குறைகின்றது. மிச்சத்தைக் கொடுப்பதற்கும் முதற்பலனைக் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமையை இஸ்ரவேலர் தம் நியாயப்பிரமாணத்தால் கற்றனர். நம் சபைச் சிறுவர் அதனை அடுப்பங்கரையில் கற்றனர். சாறிபாத் ஊர் விதவையின் பானையில் எஞ்சியிருந்ததும் ஒரு பிடி மாவே என்பதும், எலியா அதில் தமக்கு முதலில் ஓர் அடை செய்யச் சொன்னார் என்பதும் இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் காணப்படும். தனக்கும் தன் மகனுக்கும் பின்பு செய்துகொள்ளலாம் என்ற அந்த ஒழுங்கைக் கேட்டு, கொடுமையன்றோ என்று எமக்கே சிறுவயதில் தோன்றியதுண்டு. பிடியரிசி இடும் ஏழைத்தாய்க்கு அது தோன்றியதா என்று அவளைக் கேட்டார் இலர்.

ஒரு பிடி அரிசி என்னத்துக்கு ஆகும் என்று நகைப்பார்க்கு ஒரு கணக்குக் காட்டுவோம். ஒரு பிடி 40 கிராம் என்றும், நாளொன்றுக்கு இருமுறை உலை வைப்பதாகவும் கொள்க. ஓராண்டில் ஒரு வீட்டிலிருந்து 29 கிலோவுக்குச் சற்று மேல் சேரும். 200 வீடுகள் உள்ள ஒரு சபையில் அது 5,840 கிலோ ஆகின்றது; 100 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் 58 மூட்டைகளைக் கடக்கும். ஒரு வீட்டாரும் தாம் பெரிதாக ஒன்று கொடுத்துவிட்டதாக எண்ணமாட்டார்.

இவ்வழக்கம் எங்கே முதலில் தோன்றிற்று என்று ஒரே ஊரைச் சுட்டுவது பொருந்தாது. பல இடங்களில், பல காலங்களில், அரிசி உண்ணும் மக்களிடையே இது தானே எழுந்துள்ளது. இது கிறிஸ்தவர்க்கு மட்டுமே உரியதும் அன்று. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் (1894–1994) தம் அடியார் வீடுகளில் பிடியரிசித் திட்டம் ஒன்றை நடத்துவித்தமை பலர் அறிந்தது. கேரளத்தில் அதன் பெயர் பிடியரி. சீரோ மலபார் கத்தோலிக்கரின் குருவாகிய சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகள் (1805–1871) ஆலயந்தோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று முயன்றபோது, அங்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிப்பதற்கு வீடுகளின் பிடியரியையே நாடினார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் கண்டிருந்தார். அவரே 1868-இல் தம் சொந்த ஊராகிய கைநகரியின் மக்களுக்கு ஒரு நீண்ட மடல் வரைந்தார். சாவருள் என்று வழங்கும் அம்மடல், குடும்பத்தார் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்தல் வேண்டும், பிள்ளைகளை எவ்வாறு வளர்த்தல் வேண்டும் என்பவற்றையே பொருளாகக் கொண்டது. ஆலயங்களை மேற்பார்க்கும் பெரும்பொறுப்பிலிருந்த ஒருவர் தம் இறுதி அறிவுரையாகத் தந்தது வீட்டைப் பற்றிய நூல் என்பது எமக்கு மிகவும் உவப்பானது. 2014-இல் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

வடகிழக்கே மிசோ மலைநாட்டிற்குச் செல்வோம். அங்கே 1894-இல் மிஷனரிமார் முதன்முதல் வந்து தங்கினர். 1910-க்குள்ளாகவே பிடியரிசி வழக்கம் அச்சபைகளில் வேரூன்றத் தொடங்கிற்று. பூஃபாய் தாம் என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை ஒதுக்கும் பொறுப்பு பெண்களுடையது; திரட்டும் பொறுப்பும் அவர்களுடையதே. கையில் காசு புழங்காத மலையூர்களில் தொடங்கிய அது, இன்று அந்நாட்டுப் பிரஸ்பிற்றேரியன் சபைக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயைத் தந்து, பிற மாநிலங்களிலும் ஊழியரைத் தாங்குகின்றது. இந்நாட்டின் கடைக்கோடியில், மக்கள் தொகையிற் சிறியதோர் இனம் இதைச் செய்திருக்கின்றது.

நம் திருநெல்வேலி நாட்டுக்கும் இதில் ஓர் உரிமையுண்டு. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியபோது, இந்தியர் கையால், இந்தியர் பணத்தால், இந்தியர் ஊழியத்தால் நடத்தப்படவேண்டும் என்பதே அதன் கோட்பாடு. அக்காலத்துத் திருநெல்வேலிக் கிறிஸ்தவருள் பெரும்பாலோர் பனையேறிகளும், சிறு வேளாளரும், கூலிக்காரரும் ஆவர். பனை மாதங்களில் கருப்பட்டியும் மழைக்காலத்தில் கடனுமாய் வாழ்ந்தவர் அவர். அவர்களிடம் காசு கேட்டால் எங்கிருந்து வரும்? அரிசியும், கருப்பட்டியும், முட்டையும், கோழியும் காணிக்கையாய் வந்தன. அறுப்பின் பண்டிகையில் இன்றும் அவை ஏலமிடப்படக் காண்கிறோம். அச்சங்கத்தைத் தோற்றுவித்தவருள் முதல்வரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றவர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை எய்திய முதல் இந்தியர். தெலுங்கு நாட்டின் மிக வறிய கிராமச் சபைகளிலும் கொடுத்தல் என்பது விசுவாச வாழ்க்கையின் ஒரு பகுதி என்று அவர் விடாது கற்பித்தார். ஏழையிடம் கேளாதிருப்பது அவனை மதியாதிருப்பதாகும் என்பது அவர் செயலிலிருந்து யாம் அறிந்துகொள்வது.

இனி, இவ்வழக்கத்தின் உட்பொருள் என்று யாம் கருதுவதற்கு வருவோம். பழைய குடும்பங்களில் காசுப்பை ஆடவர் மடியில் இருந்தது. ஆலயத்தில் காணிக்கைத் தட்டு வரும்போது தந்தை இடுவார். தாய் அவர் கொடுத்ததைத் தட்டில் சேர்ப்பாள். அவளுடையது என்று சொல்லத்தக்கது யாது? வீட்டில் அவள் கையைக் கடந்து செல்லும் ஒரே பொருள் அரிசி. எவ்வளவு உலையில் இடுவது என்று அறுதியிடும் உரிமை ஒன்றே, வேறு எதிலும் அவளைக் கேளாத வீட்டிலும், அவளுக்கு இருந்தது. அவ்வுரிமையிலிருந்து அவள் கொடுத்தாள். ஆகவே சபையின் வரவேட்டில் பெண்கள் தம் பெயரால் எழுதிய முதல் வரி பிடியரிசியே எனலாம். நற்றாய் யூனிக்கேயாளையும் பாட்டி லோவிசாளையும் பவுல் தீமோத்தேயுவுக்கு நினைவூட்டியதை நாம் அறிவோம். அவ்விருவரும் அவனுக்கு எங்ஙனம் போதித்தனர் என்பதை அப்போஸ்தலர் எழுதவில்லை. நம் ஊர்ப் பாட்டிமார் போதித்ததை யாம் கண்டிருக்கிறோம். பேரனைத் தூக்கி அவன் சிறுகையால் ஒரு பிடி அள்ளச் செய்வார்கள், பாதி சிந்தும், இது யாருக்குப் பாட்டி என்று அவன் கேட்பான். அவ்வினாவுக்கு விடை சொல்வதே அவ்வீட்டின் ஞானோபதேசம்.

திருவள்ளுவர் அறத்துப்பாலில் துறவறத்துக்கு 13 அதிகாரம் வகுத்து, அதற்கு முன்னரே இல்லறத்துக்கு 20 அதிகாரம் வைத்தார். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உழைத்து, 1886-இல் அந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர் அவ்வைப்புமுறையை வியந்திருப்பார் என்று எண்ணுகிறோம். ஆதித் திருச்சபைக்கும் வீடே இடமாயிருந்தது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டிலும், பிலேமோன் வீட்டிலும் சபை கூடிற்று. கொரிந்தியருக்குப் பவுல் எழுதும்போது, வாரத்தின் முதல்நாளில் அவரவர் தம் வரவுக்குத் தக்கபடி தம்மிடத்தில் சேர்த்து வைக்குமாறு கற்பித்தார்; சேர்த்து வைக்கும் இடம் வீடுதான்.

இவ்வளவு புகழ்ந்தபின் குறைகளையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது.

சிறு குறை ஒன்று, பொருளைப் பற்றியது. பல வீட்டு அரிசி ஒன்றாய்ச் சேரும்போது புழுங்கலும் பச்சரிசியும், பழையதும் புதியதும், பருவட்டும் சன்னமும் கலந்துபோகும். அது ஒருபடியாக வேகாது. ஒன்று குழையும்போது மற்றொன்று நறுக்கென்று நிற்கும். ஆதலின் ஏலத்தில் குறைந்த விலைக்கே போகும், மாவாக்குவோரும் கோழி வளர்ப்போரும் வாங்குவர். வண்டு விழுந்த அரிசியைக் கலயத்திலிட்டுக் கடன் தீர்ப்பாரும் உண்டு. ஆண்டவர்க்கு என்று சொல்லிப் பழுதுள்ள ஆட்டைக் கொணர்ந்தவரை மல்கியா தீர்க்கதரிசி கடிந்துகொண்டது வெறும் பழங்கதையன்று.

அதனினும் பெரிய குறை செல்வரைப் பற்றியது. ஒருவேளைக்கு அரைக் கிலோ அரிசி சமைக்கும் கூலிக்காரன் வீட்டில் ஒரு பிடி நூற்றுக்கு 8 பங்காகும். 2 கிலோ சமைக்கும் பெருங்குடும்பத்தில் அதே பிடி நூற்றுக்கு 2 பங்கே. கை எல்லார்க்கும் ஏறக்குறைய ஓரளவு. பிடியரிசி ஏழைக்கு அவன் வரம்புக்கு மேற்பட்ட கொடை; செல்வனுக்கோ ஒளிந்துகொள்ள ஓர் இடம். தெருவிலுள்ளார் அனைவரும் ஒரு பிடி இட்டாற்போலத் தாமும் இட்டோம் என்று அவர் நிறைவு கொள்வாராயின், அக்கலயத்தை அவர் வீட்டிலிருந்து எடுத்துவிடுதல் அவர்க்கு நன்மை.

மூன்றாவது குறைதான் எம்மை இதை எழுதத் தூண்டியது. பரிசேயர் கொர்பான் என்றொரு முறை வைத்திருந்தனர். தன் தாய் தந்தையர்க்கு உதவவேண்டிய பொருளைத் தேவனுக்கு என்று சொல்லிவிட்டால், பின்பு பெற்றோர்க்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்பது அது. இயேசு இரட்சகர் அதனை வன்மையாகக் கண்டித்ததை மாற்கு எழுதியிருக்கிறார். எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிடியரிசி ஒருநாளும் தவறியதில்லை. அவ்வீட்டின் பின்கட்டில், மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண், எல்லாரும் உண்டு முடித்தபின் மிஞ்சியதை உண்டாள். சில இரவுகளில் மிஞ்சவில்லை. காலையில் கலயத்தில் பிடி இடும்படி ஏவப்பட்டவளும் அவளே. அது யாருடைய காணிக்கை? மாமியார் பெயரால் சங்கத்தில் அது வரவு வைக்கப்பட்டது. அந்த அம்மையார் தீயவர் அல்லர்; ஜெபக்கூட்டத்தில் கண்ணீர் விடுவார்; தாமும் தம் மாமியார் வீட்டில் அவ்வாறே உண்டவர். ஆலயத்தை நோக்கிய வாசலை அகலத் திறந்தவர் பின்கட்டுக் கதவு ஒன்றிருப்பதை நோக்கியதில்லை. இல்லத்துக்குள் நடைபெறும் இவ்வநீதியைப் பற்றி நம் பிரசங்க பீடங்கள் அதிகம் பேசுவதில்லை; கலயத்தின் கணக்கை மட்டும் ஆண்டறிக்கையில் வாசிக்கின்றன.

கலத்தலைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சேகரத்தின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்த அரிசி ஒரே மூட்டையில் கலக்கின்றது. இது இன்ன சாதியார் வீட்டரிசி என்று பிரித்தெடுக்க ஒருவராலும் இயலாது. தென்னாட்டுச் சபைகளில் சாதிவேறுபாட்டை அறவே ஒழிக்கும்படி கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையில் பலர் அதற்கு இணங்காது பிரிந்து நின்றனர். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்துள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ஆலயங்களில் இப்போது அத்தகைய சுவர்கள் இல்லை. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகுகிறோம். ஆயின் பெண் கொள்ளவும் கொடுக்கவும் பேசும் நாளில், அதே குடும்பத்தார் தாழ்ந்த குரலில் முதலில் வினவுவது யாது என்பதை இதனைப் படிப்போர் அறிவர். நம் பத்திரிகைகளில் வரும் மணமகள் தேவை விளம்பரங்களைப் பார்த்தாலும் போதும். அரிசி கலந்த அளவுக்கு வீடுகள் கலக்கவில்லை. பிடியரிசியை இட்ட கை, மகளின் திருமணத்தில் மட்டும் ஏன் மூடிக்கொள்கின்றது என்று வினவும் உரிமை, அவ்வரிசியில் வளர்ந்த எமக்கு உண்டென்று கருதுகிறோம்.

இன்று கலயம் பல வீடுகளில் இல்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது. வசதியுடையோர் நாளுக்கு ஒருமுறையே சோறு உண்கின்றனர். சிலர் சர்க்கரை நோயால் அதையும் விட்டனர். சபைகள் பிடியரிசிக்கு ஈடாக மாதந்தோறும் ஓர் உறை கொடுத்து, அதில் பணமிட்டுத் தரச் சொல்கின்றன. கைப்பேசி வழியாகச் செலுத்தவும் ஏற்பாடு உண்டு. கணக்கு வைப்பதற்கு இது எளிது, வண்டும் விழாது. பழையதே உயர்ந்தது என்று வாதிடுவது எம் கருத்தன்று. உறை வந்தபோது ஒன்று நேர்ந்தது என்பதை மட்டும் குறிப்போம்: கொடுப்பவர் மீண்டும் பணம் ஈட்டுபவரே ஆயினர். சம்பளம் பெறும் பெண்கள் தம் உறையைத் தாமே நிரப்புகின்றனர், அது நன்று. வீட்டிலேயே உழைக்கும் தாய் பழையபடி பிறர் கொடுத்ததைச் சேர்ப்பவளாயினாள். ஒரு சேகரத்தில் இதனை உணர்ந்த குருவானவர், உறையின் மேல் குடும்பத் தலைவர் பெயரை எழுதாமல் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதுவித்தார் என்று கேள்வியுற்றோம். மிக எளிய மாற்றம். மற்றச் சேகரங்களும் இதனைச் செய்து பார்க்கலாம்.

விடுதியில் வாழும் நமக்கு அடுப்பும் இல்லை, கலயமும் இல்லை. அரிசி அளப்பவர் சம்பளம் பெறும் சமையற்காரர். அவர் ஒரு பிடி எடுத்து வைத்தால் அது நம் கொடையாகாது, அவர் மேல் வைத்த சுமையாகும். நம்மிடம் உள்ளது இலையில் நாம் எறியும் சோறு. இரண்டாம் ஆண்டு மாணாக்கர் சிலர், வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டு, அதற்குரிய தொகையை விடுதிக் கட்டணத்திலிருந்து கழித்து, கட்டணம் செலுத்த இயலாத மாணாக்கரின் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று உணவுக் குழுவினரிடம் எழுதிக் கொடுத்துள்ளனர். எந்த வேளையை விடுவது என்பதில் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. ஞாயிறு நண்பகல் வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒருமனப்பட்டிருக்கின்றனர், அன்று கோழிக்கறி.